பொங்கலன்று டிரா ஆன ஆட்டம்

எங்கள் ஊர் டீம் அந்த வருஷம் உண்மையிலேயே தேறியதா, இல்லையா?

டீக்கடையில் ஆண்கள் கேட்கிற கேள்வி இது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு இதற்கு விடை தெரிய வேண்டும். தெரிந்தால், வருகிற தையில் காது குத்தும்போது என் மகனை என் தம்பி மடியில் உட்கார வைக்க ஒரு வழி பிறக்கும். இப்போது என் கணவர் என் தம்பியோடு பேசுவதில்லை. தம்பி பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அதற்குக் காரணம் தம்பி என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். காரணம் நான்.

மரக்காணத்தைச் சுற்றியுள்ள உப்பள ஊர்களில் ஒன்றுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன். அம்மா வீடு உள்ளே, திண்டிவனம் போகிற பக்கம், நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற ஊர். இரண்டு ஊருக்கும் கால்பந்து டீம் உண்டு. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று என் தம்பி, "மாப்பிள்ளை பேக் ஆடறவரு. தாண்டிப் போகவே முடியாது. நல்ல ஆளுதான்" என்று சொன்னதுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் விஷயம்.

உப்பள ஊர்களில் மழை மாதங்களில் வேலை கிடையாது. உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீராக நிற்கும். அப்போதுதான் டீம் கூடும். பாத்திகளுக்கு அப்பால் இருக்கிற பொட்டல்தான் கிரவுண்டு. வெறுங்காலோடு ஆடுவார்கள். சுனாமி வந்த வருஷம் பாத்திகளில் கறுப்புச் சேறு ஏறிவிட்டது. அந்த சீசனில் உப்பு எடுக்கவே முடியவில்லை. டீமில் நன்றாக ஆடியவர்களெல்லாம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். கோல்கீப்பரும் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் என் கணவர்தான் மீசை அரும்புகிற பையன்களைச் சேர்த்து மறுபடி டீமைக் கூட்டினார். கோலில் நிற்க யாரும் வராததால் அவரே நின்றார். அவருக்கு நல்ல உயரம். பந்து கிட்டே வரும்போது கண்ணை மூடிக்கொள்கிற பழக்கமும் இருந்தது.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் பின்னால் டீக்கடை பெஞ்சு. ஆட்டம் முடிந்த சாயங்காலங்களில் அங்கே வாக்குவாதம் நடக்கும். ஒரு பக்கம் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர், என் மாமனாருக்குப் பங்காளி. இன்னொரு பக்கம் சைக்கிள் கடைக்காரர். இரண்டு பேரும் எங்கள் டீம் ஆடுகிற எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்தார்கள் என்று நம்பவே முடியாது.

"போன தடவ ஆறு வாங்கினானுங்க. இன்னிக்கு நாலு. கொறையுதா இல்லையா?" என்பார் கண்டக்டர்.

"மழ வந்து பாதியில நிறுத்திட்டாங்கய்யா. முழுசா ஆடியிருந்தா எட்டு."

"பந்து இப்பல்லாம் அவங்க பக்கம் போகுதுல்ல? மொதல்ல அதுவும் இல்லியே."

"போகுது. அங்க போய் எடுத்துட்டு வரத்தான் ஆளு இல்ல."

"பசங்க புதுசுய்யா. காலு படியணும்."

"படிஞ்சுதான் கெட்டுது, கண்டக்டரே. பாத்தி மிதிக்கிற மாதிரி நின்ன எடத்துலயே மிதிச்சிக்கிட்டு நிக்கிறானுங்க."

அது என் கணவரின் யோசனை. சீசன் தொடங்குமுன் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்போடு மண் கலந்துவிடும். அவர் அளத்தில் மேஸ்திரி. களியில் வழுக்காமல் நின்றால் எந்தக் கிரவுண்டிலும் நிற்கலாம் என்று சொல்லி, பையன்களை வரிசையாக நிறுத்தி ஒரு பழைய பாத்தியில் மிதிக்க விட்டார். அதைத்தான் ஊரே கிண்டல் செய்தது.

"சரி, பசங்கள விடு. மேஸ்திரி கையப் பாத்தியா? சல்லடைய்யா அது. ரவை சலிக்கலாம்" என்பார் சைக்கிள் கடைக்காரர்.

நான் அப்போது மகனுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருப்பேன். அவன் வாயைத் திறந்தபடி காத்திருப்பான். என் கை அந்தரத்தில் நிற்கும். சிரிப்பு அடங்கின பிறகு கண்டக்டருக்கு ஜன்னல் ஞாபகம் வரும்.

"ஏம்மா, மருமகளே! நீ டிகிரி படிச்ச பொண்ணு. நீ சொல்லு, டீம் தேறுதா இல்லியா?"

"எனக்கு என்னங்க மாமா தெரியும்?"

"பாத்தியாய்யா, புருசன விட்டுக் குடுக்க மாட்டேங்குது!"

ஜன்னலைச் சாத்துவேன். சாத்தினால் கோபம் என்று நினைப்பார்களோ என்று மறுபடி திறப்பேன். திறந்தால் ஒட்டுக் கேட்கிறேன் என்று நினைப்பார்களே என்று பாதி சாத்துவேன். மளிகைக் கடைக்குப் போனால் "சல்லடை வீட்டம்மா வருது" என்று யாரோ சொல்வது காதில் விழும். அவர் ஒன்றும் கண்டுகொள்ள மாட்டார். எனக்குத்தான் முகம் எரியும். அவருக்காக வெட்கப்படுகிறேனா, அவரை நினைத்து வெட்கப்படுகிறேனா என்று கேட்டுப் பார்த்துக்கொள்வேன். இரண்டாவதாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

பொங்கலுக்கு எங்கள் கிரவுண்டில் ஆட்டம். வந்தது என் அம்மா ஊர் டீம். முன்பு தங்கள் ஊரில் எங்களுக்கு ஆறு கோல் போட்டவர்கள் அவர்களே. என் தம்பி ஃபார்வர்டு. நான் மகனைத் தூக்கிக்கொண்டு மற்றப் பெண்களோடு வரப்பில் நின்றேன். யார் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பது என்று எனக்குப் புரியவில்லை. யாரும் அவமானப்படாமல் முடிந்தால் போதும் என்றிருந்தது.

அப்படியே முடிந்தது. அவர்கள் ஒரு கோல், நாங்கள் ஒரு கோல். கடைசி நேரத்தில் தம்பி தனியாகப் பந்தைக் கொண்டு வந்தான். குறுக்கே ஒரு ஆளும் இல்லை. அவன் அடித்த பந்து நேராக என் கணவரின் மார்புக்கு வந்தது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்தபோது முகமெல்லாம் களி. கண்டக்டர் தோள் துண்டைத் தூக்கி வீசிவிட்டுக் கிரவுண்டுக்குள் ஓடினார்.

"கண்ண மூடலைய்யா! இன்னிக்குக் கண்ணையே மூடல!"

சைக்கிள் கடைக்காரரும் பின்னாலேயே வந்தார். "ம்... தேறுற மாதிரிதான் இருக்குது" என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அது வந்ததற்கே பையன்கள் விசில் அடித்தார்கள். என் கணவர் களிக் கையோடு மகனை வாங்கித் தலைக்கு மேல் தூக்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பொங்கல் முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன். பெருமையாகத்தான் எடுத்தேன்.

"உன்னையே நிறுத்திட்டாரு பாத்தியாடா உங்க மாமா?"

தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவனும் சிரித்தான்.

"நல்லாத்தான் புடிச்சாரு. நெஞ்சுக்கு நேராப் போட்டா புடிக்க மாட்டாரா?"

"என்னடா சொல்ற?"

"வேற என்னக்கா பண்ணச் சொல்ற? நீ வரப்புல புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கிற. ஊரு முன்னாடி மாமா காலுக்கு நடுவுல பந்த வுடறதா? அப்புறம் உங்க வூட்டுல வந்து நான் எப்படிக் கை நனைக்கிறது?"

அவன் மட்டும் இல்லை. அவர்கள் டீமே ஆட்டத்துக்கு முன்பு பேசி வைத்திருக்கிறது. பெண் கொடுத்த ஊர், அதுவும் பொங்கல், மாப்பிள்ளை கோலில் நிற்கிறார். ஒரு கோல் போதும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குச் சீர் வைக்கிற மாதிரி ஒரு டிராவை வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு ஒரு தவறும் தெரியவில்லை. மரியாதைதான் தெரிந்தது.

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு இலையைப் பார்த்தேன். மிச்சச் சோற்றோடு இலையை மூடினேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் இது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. டீக்கடையில் எந்தப் பேச்சும் அந்த டிராவில்தான் போய் நின்றது. "அவங்களையே நிறுத்தினவனுங்கய்யா" என்று கண்டக்டர் சொன்னால் சைக்கிள் கடைக்காரர் டீயை ஊதத் தொடங்கிவிடுவார். என் கணவர் சட்டை போடும்போது விசில் அடித்தார். அளத்திலிருந்து வந்ததும் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடித்தார். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், "இவ ஊருக்காரங்கதான். நல்லா ஆடுவாங்க. நிறுத்திட்டோம்ல" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நான் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

இதில் என்னைக் குழப்பியது ஒன்று உண்டு. டீம் உண்மையாகவே நன்றாக ஆடத் தொடங்கியது. அல்லது அப்படித் தெரிந்தது. பையன்கள் பந்தைக் கண்டு ஒதுங்கவில்லை. ஒருவனுக்கொருவன் பாஸ் கொடுத்தான். மாசி மாதம் ஒரு கடற்கரை ஊர் டீமை இரண்டு கோலில் ஜெயித்தார்கள். அந்த ஊரில் எங்களுக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

"இப்ப என்ன சொல்ற?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அவங்க நல்ல ஆட்டக்காரனுங்கல்லாம் கடலுக்குப் போயிருந்தானுங்க. மிச்சம் மீதிய வச்சி ஆடினானுங்க."

"நீ கடல்ல போய்ப் பாத்தியா?"

"நீ கரையில எண்ணிப் பாத்தியா?"

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இருவரில் யார் சொல்வது சரி என்று யோசித்தேன். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன? டிரா பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சாப்பிட்டுத்தானே பையன்கள் திடமாகியிருக்கிறார்கள்? அப்படியென்றால் கடற்கரை ஊரை ஜெயித்தது மெய்யா?

சித்திரையில் மறுபடி என் அம்மா ஊர் டீமோடு ஆட்டம் என்று முடிவானது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இந்த முறையும் விட்டுக்கொடுத்தால், இவர் அதை நம்பிக்கொண்டு இன்னும் ஊரெல்லாம் சொல்வார். என்றைக்காவது அவர்கள் ஊர்க்காரன் ஒருவன் கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ சிரித்துக்கொண்டே போட்டு உடைப்பான். அதைவிட ஒழுங்காக ஆடித் தோற்றால் கௌரவம் என்று எனக்குப் பட்டது. ஒருவேளை தோற்காமலும் இருக்கலாம் அல்லவா? பையன்கள்தான் தேறிவிட்டார்களே.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்த டெலிபோன் பூத்துக்கு மகனைத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பியைக் கூப்பிட்டேன்.

"இந்தத் தடவ யாருக்காகவும் பாக்காத. உன் ஆட்டத்த ஆடு."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன்."

"மாமா தாங்குவாரா?"

"தாங்குவாரு. டீம் தேறிடுச்சுடா."

கண்டக்டரின் வார்த்தையை அப்படியே எடுத்துச் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இருந்ததா, இல்லை, டீம் தேறியதா என்று பார்க்கத்தான் தம்பியை ஏவினேனா? பூத்திலிருந்து வெளியே வரும்போதே இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பிப் போய் மறுபடி போன் செய்யலாம் என்று இரண்டடி வைத்தேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். பிள்ளை அழுதான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்து கோல். நாங்கள் ஒன்றும் போடவில்லை.

முதல் இரண்டைத் தம்பி போட்டான். மூன்றாவது பந்து என் கணவரின் கால்களுக்கு நடுவில் போனது. அதையும் அவன்தான் அடித்தான். கோல் போட்ட பிறகு கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுவுக்குத் திரும்பினான். அவன் என் பேச்சைக் கேட்கிறான் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். என் கணவர் ஒவ்வொரு முறையும் வலை இல்லாத கோலுக்குப் பின்னால், உப்பு அள்ளிக் கொட்டியிருந்த மேடு வரைக்கும் நடந்து போய்ப் பந்தை எடுத்து வந்தார். அப்படி நடக்கும்போது வரப்புப் பக்கம் திரும்பவே இல்லை. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "உன் தம்பிதானே?" என்று கேட்டாள். மகனின் தலையில் இல்லாத பேனைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அன்று டீக்கடையில் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கண்டக்டர் வரவே இல்லை. வழக்கமாகக் கிண்டல் செய்கிற சைக்கிள் கடைக்காரர், யாரோ "சல்லடை" என்று ஆரம்பித்ததும், "வாய மூட்ரா டேய்! நீ போய் நின்னு பாரு கோல்ல. காலையிலேர்ந்து உப்பு வாரிட்டு வந்து நிக்கிறாரு மனுசன்" என்று அதட்டினார். அந்தப் பரிவு என்னை அவர்களுடைய கிண்டலைவிட அதிகமாகக் கூச வைத்தது.

என் கணவர் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். கத்தவில்லை.

"பொங்கலுக்கு அவன நிறுத்தினேன் பாரு. அதுக்கு வஞ்சம் வச்சிருந்து அடிச்சிட்டான் உன் தம்பி. காலு நடுவுல வுட்டு அடிக்கிறான்னா என்ன அர்த்தம்? மாமன்னு ஒரு மரியாத வேணாம்?"

நான் வாயைத் திறந்தேன். தம்பி வஞ்சம் வைக்கவில்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ஏன் சொன்னாய்? அதற்கு, பொங்கலன்று அவர்கள் சரியாக ஆடவில்லை என்று சொல்ல வேண்டும். ஐந்து கோல் வாங்கி வந்து ஈரக் காலோடு நிற்கிற மனிதரிடம், நீங்கள் பிடித்த அந்த ஒரு பந்தும் உங்களுக்குக் கொடுத்ததுதான் என்று எப்படிச் சொல்வேன்? சோறு போட்டேன். அவர் பாதியில் எழுந்துவிட்டார்.

டீம் கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. சீசன் மும்முரமாகிவிட்டது, பையன்கள் அளத்துக்குப் போனார்கள், சுவரில் பந்து அடிக்கிற சத்தம் நின்றது. ஆடி மாதம் தம்பி சீரோடு வந்தான். என் கணவர் அவன் சைக்கிளைப் பார்த்ததும் கொல்லைப் பக்கமாக அளத்துக்குப் போய்விட்டார். தம்பி கூடத்தில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்தான். சாப்பிடச் சொன்னேன். "மாமா வரட்டும்" என்றான். வரவில்லை.

போகும்போது என் மகன் கன்னத்தைத் தொட்டுவிட்டுச் சொன்னான்: "நீ சொன்னேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லிடாதக்கா. என்மேலயே இருக்கட்டும்."

என்னைவிட நாலு வயது சின்னவன். நான் கேட்டதற்காக ஆடினான், என் பெயர் கெடாமல் இருக்கப் பழியையும் வாங்கிக்கொண்டான். நான் "சரி" என்றேன். அந்தச் "சரி"யை நினைத்தால் இப்போதும் கையில் இருக்கிற வேலை நின்றுவிடுகிறது.

இப்போது மழை விட்டிருக்கிறது. மறுபடி சில பையன்கள் பொட்டலில் பந்தை உதைக்கிறார்கள். டீக்கடையில் கண்டக்டர், "தேறுன டீமுதான்யா அது, அன்னிக்கு நேரம் சரியில்ல" என்கிறார். சைக்கிள் கடைக்காரர் வழக்கப்படி மறுக்கிறார். மகனுக்கு மூன்றாம் வயது நடக்கிறது. தையில் காது குத்தியாக வேண்டும். போன வாரம் என் கணவர், "எங்க பங்காளி யாரையாவது ஒக்கார வச்சி மடியில போட்டுக் குத்திக்கலாம்" என்றார். என் மாமியாரே, "தாய்மாமன் உசிரோட இருக்கும்போது அப்படிச் செய்வாங்களா?" என்று கேட்டுவிட்டார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை. தம்பி மடியில் உட்கார வைக்கிற குழந்தைக்கென்று பட்டு வேட்டி எடுத்து வைத்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள்.

உண்மையைச் சொன்னால் தம்பி வந்து உட்காருவான். ஆனால் இவரிடம் அந்தப் பொங்கல் ஆட்டம் இருக்காது. டீம் நிஜமாகவே தேறியிருந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தால், "பொங்கலன்று விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் மாசியில் ஜெயித்தது உங்கள் கையால்தான்" என்று சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பேன். தெரியாமல் சொன்னால் நானும் ஒரு டிரா கொடுக்கிற மாதிரிதான். சொல்லாவிட்டால், செய்யாத குற்றத்துக்காக என் தம்பி சபையில் தூரமாக நின்றுகொண்டிருப்பான். அல்லது வரவே மாட்டான்.

இதைப் படிக்கிறவர்களில் புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் நின்றவர்கள் இருப்பீர்கள். ஆண்களும் படிப்பீர்கள், ஒரு காலத்தில் கோலில் நின்றவர்கள்கூட இருக்கலாம். அவர்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன். உங்கள் மனைவி இப்படி ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தால், எதை முதலில் சொன்னால் உங்களால் தாங்க முடியும்? காது குத்துக்கு முன்னால் சொல்வதா, மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்த பிறகா? தை பிறப்பதற்குள் எனக்கு எழுதுங்கள்.